சின்னச் சொல்

பகாவ் கோர்ட்டில் மின்விசிறி மூன்று,
சுற்றுவது ஒன்று.
அதன் கீழே நான், மொழிபெயர்ப்பாளர்,
பிறர் வாயைத் தினமும் வாடகைக்கு எடுப்பவள்.

கூண்டில் தவமணி.
இருபத்தாறு வருடம் செம்பனைக்கு மருந்தடித்தவள்,
நகக்கண்ணில் இன்னும் அந்த நீலம்.
பக்கத்து வீட்டு சரோஜினியின் எலுமிச்சைக்கு
ஒரு ராத்திரி புல் மருந்து ஊற்றினாள்,
வேருக்கு மட்டும்,
மூடியால் அளந்து இரண்டு மூடி.

ஏன் என்று கேட்டார்கள்.
“வயிறு எரிஞ்சது” என்றாள்.
சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்.
“காஸ்ட்ரிக்கா?” என்றார் மாஜிஸ்திரேட்,
எழுதவும் தொடங்கிவிட்டார்.

சிரம்பானிலிருந்து வந்த மிஸ் லிம் எழுந்தாள்:
மாலிஸா, இல்லை வெறும் ஸ்பைட்டா?
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று
அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
ஆறு மாதம்.

மாலிஸ் சட்டை போட்ட சொல்.
நாள் குறித்து வரும்,
நாற்காலி இழுத்து உட்காரும்.
ஸ்பைட்டுக்கு உட்கார நேரமில்லை,
சொல்லிப் பாருங்கள், பாதி எச்சில்.
கிரட்ஜ் என்று ஒன்று,
அதை இங்கிலீஷ்காரர்கள் சுமக்கிறார்கள்,
பாலூட்டுகிறார்கள்,
பிள்ளைக்குச் செய்யும் எல்லாம் செய்கிறார்கள்.
ரான்கருக்கு வேர், ஊசிப்போன நாற்றம்.
இந்த ஊரில் அதற்கு அகராதி எதற்கு,
எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் போதும்.

கிளார்க் அஸ்லினா தணிந்த குரலில் உதவினாள்:
“டெங்கியா?”
மலாயில் அது பொறாமை,
கொஞ்சம் நாக்கு தடித்தால் கொசுக்காய்ச்சல்.
நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே,
இரண்டுக்கும் எலும்பு நோகும்.

என் பக்கத்திலும் தேடினேன்.
வன்மம், கறுவு, வஞ்சம்,
படித்தவர்களின் துவேஷம்,
படிக்காதவர்களின் காய்மாரம்.
காழ்ப்பு என்றதும் நின்றேன்.
ஆலையில் சதையெல்லாம் பிழிந்து எடுத்தபின்
உருண்டு விழுமே கறுத்த கொட்டை,
பல்லுக்கும் உடையாது,
அதுதான் அந்தச் சொல்.

என் அக்காளோடு பதினொரு வருடமாய்ப் பேச்சில்லை.
அம்மாவின் சங்கிலி, ஒரு கையெழுத்து, விடுங்கள்.
பஸ் ஸ்டாண்டில் அவள் கடையில் வடை வேகும்,
நான் எதிர்ச் சாரியில் குடை சாய்த்து நடப்பேன்,
மழையில்லாத நாளிலும்.
அதற்கு என்ன சொல் என்று
யாரும் என்னைச் சத்தியம் வாங்கிக் கேட்டதில்லை.

“மேடம் இன்டர்பிரெட்டர்?”

தவமணியைப் பார்த்தேன்.
முழங்கால் நடுங்கியது, கண் நடுங்கவில்லை.
ஸ்பைட், என்றேன்.
ஒரே அசை.
மாஜிஸ்திரேட் காஸ்ட்ரிக்கை அடித்துவிட்டு
அதை எழுதினார்.
முந்நூறு வெள்ளி அபராதம்,
எலுமிச்சைக்கு இன்னும் எண்பது.

வராந்தாவில் என் முந்தானையைப் பிடித்தாள்.
“நான் என்ன சொன்னேன்னு சொன்னே?”
நல்லது செய்துவிட்ட முகத்தோடு சொன்னேன்:
“சின்னதாத்தான் சொன்னேன்கா. சும்மா ஒரு கடுப்புன்னு.”

பிடித்த கை விலகியது.
“சின்னதா?
எம்மவன் சாவுக்கு அவ வரல.
மறுநாள் அந்தக் கன்ன நட்டா,
ரெண்டு கையாலயும் மண்ண அணைச்சி,
என் வாசலப் பாத்துக்கிட்டே.
பதினாலு வருசம் அது பூத்துச்சி, காய்ச்சிச்சி,
ஒவ்வொரு காயா எண்ணிக்கிட்டிருந்தேன்.
இத சின்னதுன்னுட்டியே,
உன்னய யாரு கொறைக்கச் சொன்னா?”

நாலு நோட்டு எண்ணிக் கட்டினாள், மீதி வாங்கினாள்,
ரோம்பின் பஸ்ஸுக்கு நடந்தாள்.
அவள் எப்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன்.
பார்க்கவில்லை.

மணி ஒன்றரை.
வெயில் கொளுத்தியது.
குடையை விரித்தேன், மடித்தேன்.
எந்தச் சாரி என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் படியிலேயே.