அவன் முறை

காலை பதினொன்றிலிருந்து சர்வர் இல்லை.
பட்டாவுக்கும் வில்லங்கத்துக்கும் வந்தவர்கள்
செக்காலை ரோட்டு வெயிலைப் பார்த்தபடி
பிளாஸ்டிக் நாற்காலிகளில் காய்கிறார்கள்.
பரணிலிருந்து இறக்கிய பழைய பெட்டியை
எடைக்குப் போடுமுன்
உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.
மின்விசிறி மட்டும் நெல் மில் மாதிரி.

ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஆகவே
ஊமையாக எழுந்தது கோட்டை,
ஊமையாக அதன்மேல் கொடி.
திரையை அடைத்துக்கொண்டு நின்றதாக
இருபது வருடமாக நான் சொல்லிவந்த டிராகன்
சுண்டுவிரல் நகமளவு.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.
அப்போதும் நகமளவுதான்.

விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது:
எந்தச் சுரங்கத்தில் தங்கம்,
எந்தப் பாலத்தைப் பூதம் காக்கிறது,
ஏழாம் நாள் முடிந்தால்
குகையில் எத்தனை ஓநாய்கள் புதிதாகப் பிறக்கும்.
என் மகளின் கைபேசி எண் எனக்குத் தெரியாது.

மரம்தான் எப்போதும் பற்றாது.
கப்பல் கப்பலாகப் பர்மாத் தேக்கு
வந்து இறங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு
பத்துக் கட்டை மரத்துக்காக
ராத்திரி இரண்டு மணிவரை அலைந்தோம்
நானும் சேவுகனும்.

மணிக்குப் பதினைந்து ரூபாய்க் கடை இது, அப்போது.
ஒன்பதரைக்கு ஷட்டரை முழங்கால்வரை இறக்கிவிட்டு
ஒரே கணினி, ஒரே மவுஸ், இரண்டு ராஜ்யம்.
அவன் ஆடும்போது நான்
ஷட்டர் பக்கம் திரும்பி உட்கார வேண்டும்.
நான் ஆடும்போது அவன்.
வேறு காவல் கிடையாது.
அந்த இடுக்கு வழியாக
நாய்க் கால்கள், சைக்கிள் சக்கரங்கள்,
கொப்புடையம்மன் தேர் பார்த்துத் திரும்பும்
வெறும் பாதங்கள்.
முதுகுக்குப் பின்னால் கிளிக், கிளிக்.
படை திரட்டாமல் ஒருத்தன்
இவ்வளவு நேரம் என்ன செய்வான்?
பயந்து பயந்து மதில்மேல் மதில் கட்டினேன்.
கோபுரத்துக்கு நாலு வில்லாளி வைத்தேன்.
ஒருநாளும் அவன் வரவில்லை.

நான்காம் மாதம், இரண்டாம் வாரம், ஐந்தாம் நாள்.
சேமித்துவிட்டு எழுந்து போனவன்
திருச்சி போய் விமானம் ஏறினானாம்,
சிங்கப்பூரில் ஏதோ கப்பல் பட்டறை.
இருநூற்று நாற்பது ரூபாய் பாக்கி.
நோட்டில் இருக்கிறது. அடிக்கவில்லை.

கோப்பு திறந்தது.
சிவப்பின் முறை என்றது திரை.
சிவப்பு அவன்.
கால் தானாகத் தரையை உந்தியது,
நாற்காலி ஷட்டர் பக்கம் பாதி திரும்பிவிட்டது.
நிறுத்தினேன்.
அடுத்தவன் கடிதத்தைப் பிரிப்பதுபோல
சரி என்பதை அழுத்தினேன்.

கோட்டையில் பதினாலு ஈட்டிக்காரர்கள்.
மதில் இல்லை. கஜானாவில் காற்று.
ஒரே மத்தியானத்தில் பிடித்திருக்கலாம் நான்.
ஆனால் அவன் வரைபடத்தில்
எங்கும் கறுப்பே இல்லை.
நான் கேள்விப்படாத தீவுகள், உப்பளங்கள், ஒரு பனிக்காடு;
என் கோட்டைக்குப் பின்னால்
நானே எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்குகூட
விளக்குப் போட்டதுபோலக் கிடந்தது.
மரமெல்லாம் கப்பலாகியிருக்கிறது.
எட்டுக் கப்பல். படையில்லாத எட்டுத் தலைவர்கள்,
ஆளுக்கொரு விளிம்பில்.
தென்கிழக்கு மூலையில் ஒன்று
அதற்குமேல் கட்டமே இல்லாத இடத்தில்
மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது.
எத்தனை கல். எத்தனை ராத்திரித் தூக்கம்.

"சர்வர் வந்துருச்சாப்பா?"
கழனிவாசல் ஆராயி, மூன்றாவது தடவை.
"இன்னும் இல்லம்மா."
வந்திருந்தது. பச்சை விளக்கு
மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம்தான்.
மவுஸை விட்டுக் கையை எடுத்து
வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.
ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருக்க
தெரு தலையோடும் முகத்தோடும் போய்க்கொண்டிருந்தது.
முதுகுக்குப் பின்னால்
மின்விசிறி அரைத்துக்கொண்டே இருந்தது.