வம்புச் செடி

எங்கள் மொழியில் இதற்கு யூரு என்று பெயர்.
யூரு என்றால் வம்பு.
கடையில் யாரும் வாங்குவதில்லை,
ஒரு ஜன்னலில் கிள்ளி
இன்னொரு ஜன்னலில் குத்தியது,
வாய்விட்டு வாய் போவதுபோலத்தான்.

கெமி நகரத்தில் ஐந்து மாடி, இருபத்தெட்டுக் கதவு.
லிஃப்டில் ஏறினால்
எல்லோரும் எண்களைத்தான் பார்ப்பார்கள்.
குழாய், பல்பு, வாசல் பனி என் பொறுப்பு;
அதனால் ஜன்னல்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாடி ஹில்க்காவின் தொட்டியிலிருந்து
தரைவரை இறங்கியிருந்தது.
வெள்ளிக் கோடு, கத்தரிப்பூ விளிம்பு,
இலையைத் திருப்பினால் பீட்ரூட் நறுக்கிய கை.
ஒரே ஒரு கொடியில் மட்டும்
எங்கிருந்தோ வந்த ரோஸ் கீற்று.

அந்தக் கொடியிலிருந்து
படிக்கிற பெண் வில்யாவுக்கு ஒரு துண்டு.
வில்யாவிடமிருந்து பஸ் ஓட்டுகிற ஓக்கோவுக்கு.
பேட்டரி கேபிள் இரவல் தந்ததற்கு
ஓக்கோ கொடுத்தது
முதல் மாடி உர்ப்போவுக்கு.

உர்ப்போ, ஹில்க்காவின் தம்பி.
அப்பாவின் படகை விற்ற நாளிலிருந்து
பதினோரு வருஷம், பேச்சில்லை.

டிசம்பரில் பகல் மூன்று மணிநேரம்.
ஹீட்டர் திருகை நான் முடுக்கிக்கொண்டிருக்க
உர்ப்போ கேட்டான்:
"வெளுத்துப்போச்சு. என்ன செய்ய?"

மாடி ஏறிக் கேட்டேன், பெயர் சொல்லாமல்.

"வெளிச்சம் போதலை. அடுப்பு விளக்குக்குக் கீழே வைக்கச் சொல்.
அடித்தண்டு மொட்டையானால் பதற வேண்டாம்,
நுனியைக் கிள்ளி அதே தொட்டியில் குத்தணும்.
முழுப் பச்சையாக ஒரு தளிர் வந்தால் உடனே வெட்டணும்,
விட்டால் தொட்டி முழுவதையும்
தன் பேருக்கு எழுதி வாங்கிக்கும்.
மண்ணில் விரல் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர்."
கொஞ்சம் நிறுத்தி,
"யாருக்கு?"
"ஒருத்தருக்கு."

பிப்ரவரியில் கண் ஆபரேஷனுக்கு
அவள் ஓவுலு போயிருந்தாள்.
மைனஸ் முப்பத்தொன்று.
அவள் பக்கத்துக் குழாய் நின்றதை
நான் ஒரு நாள் தாமதமாகத்தான் கவனித்தேன்.
கதவைத் திறந்தபோது
கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன இலைகள்,
வேகவைத்த கீரைபோல.
துடைத்தெடுத்தது நான்தான்.
கை ஊதாவாகிவிட்டது.

கீழே இறங்கும்போது
முதல் மாடியில் ஒரு வார்த்தை சொன்னேன்.
ஒரே வார்த்தைதான்.

அவள் திரும்பிய மறுநாள்
கதவடியில் ஒரு ஜாம் பாட்டில்,
படிக்கட்டுக் குளிருக்காக
செய்தித்தாள் சுற்றி.
உள்ளே மூன்று தண்டு,
விரல்கணு நீளத்துக்கு வெள்ளை வேர்.
சீட்டு எதுவும் இல்லை.

"யார் வைத்தது?" என்றாள்.

வாயெல்லாம் வம்பை வைத்துக்கொண்டு
"நான் என்னத்தைக் கண்டேன்" என்றேன்.

கட்டுப் போடாத கண்ணுக்கருகே
ஓர் இலையைப் பிடித்தாள்.
திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.
ரோஸ் கீற்று.
கீழ்த்தண்டில் லேசாக ஊறிய ஒரு கறுப்பு.
நகத்தால் அதைக் கிள்ளி எறிந்தாள்.

"இன்னும் தண்ணீரை
அதிகமாகத்தான் ஊற்றுகிறான்."