பின்சக்கரக் கணக்கு

அறுநூறு குதிரை என்கிறார்கள்.
லேக் அவென்யூவில் பச்சை விழுந்ததும்
அறுநூறும் நின்ற இடத்திலேயே குளம்பு தேய்த்தன.
புகை. ரப்பர் நாற்றம்.
பக்கத்தில் நின்ற மினிவேன்
மளிகைப் பைகளோடும் தூங்கும் பிள்ளையோடும்
என்னைத் தாண்டிப் போனது,
அவசரமே இல்லாமல்.

குளிர்காலம் முழுக்க
டுலூத் நகராட்சிக்குப் பனி தள்ளுகிறவன் நான்.
பதினைந்து டன் லாரியைச் சங்கிலி கட்டிய டயரோடு
சரிவுத் தெருக்களில் இறக்குகிறவன்.
பிடிமானம் பற்றி எனக்கா சொல்கிறாய் என்றேன்
டயர்க்கடை மார்லிஸ் ஹாகனிடம்.
கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு
என் கையை எடுத்து மேசையில் அமுக்கினாள்.
"ஒரு டயர் தரையைத் தொடுவது இவ்வளவுதான்.
எஞ்சினுக்கு நீ கொட்டிய பதினோராயிரம் டாலரும்
இந்த மாதிரி இரண்டு கை வழியாகத்தான்
ரோட்டுக்குப் போகவேண்டும்."
மேசையில் என் கை அளவுக்கு ஈரம் இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷத்து நோவா.
உள்ளே ஸ்பிரிங், வெளியே தகரம்,
நடுவில் டயருக்கு விட்டிருப்பது
இருவர் சீட்டில் மூன்றாம் ஆளுக்கு விடுகிற இடம்.
பதினைந்து அங்குல வீல் என்றால்
டயரின் பக்கச்சுவர் உயரம்;
கிளம்பும்போது மடிந்து, சுருங்கித் தரையைக் கவ்வும்.
ஆனால் என் பின் பிரேக் அதற்குள் அடங்காது.
பதினேழில் பிரேக் அடங்கும், சுவர் குட்டை.
போவதா நிற்பதா என்று
இத்தனை பச்சையாக என்னை யாரும் கேட்டதில்லை.
லேக் அவென்யூவின் அடியில் நிஜமாகவே ஏரி இருக்கிறது.
பதினேழு என்றேன்.

அகலம் முன்னூற்றுப் பதினைந்து.
உள்பக்கம் விளையாட்டுக் களிமண் ஒட்டி
காரை இறக்கிப் பார்த்ததில் கால் அங்குலம் மிச்சம்.
வெளிப்பக்கம்தான் தகரத்தின் உதடு இடித்தது.
பக்கத்து வீட்டு சோல்வெய்
தன் பேஸ்பால் மட்டையை இரண்டு டாலர் வாடகைக்குத் தந்தாள்,
முன்பணமாக.
டயருக்கும் தகரத்துக்கும் நடுவே மட்டையைச் செருகி
காரை அங்குலம் அங்குலமாக உருட்ட
உதடு உள்ளே மடிந்தது.
பெயிண்ட் ஓரிடத்தில் மயிரிழை விட்டது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ரப்பர் அத்தனை மெத்து.
கன்றுக்குட்டி நாக்கு மாதிரி விரலை விட மறுத்தது.
மழைக்கு ஆகாது, குளிரில் கல்,
அடுத்த கோடைக்குள் மொட்டை என்று
விற்கிறவள் சொல்லக்கூடாததை எல்லாம் சொல்லி
பில் போட்டாள்.

ஜூலை, ஞாயிறு, காய்ந்த தார்.
பின் டயரில் காற்றை இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.
மூடிய தாதுக் கிடங்கின் தனிச்சாலையில்
டெல்பர்ட் தொப்பியை வீசினான்.

புகை இல்லை.
முகப்பு எழும்பியது, முதுகு சீட்டுக்குள் போனது,
ஏரி முழுசாக என்னை நோக்கி

அரை நொடி இருக்கும்.

பிறகு அடியில் எலும்பு உடைகிற சத்தம்.
ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்.
எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது,
யாரும் கேட்காத வீட்டில் ஓடுகிற ரேடியோவாக.

டயர் சுழன்ற நாளெல்லாம்
அதைத் திட்டியிருக்கிறேன்.
பின்னால் இருந்த இரும்புக்கெல்லாம் சேர்த்து
அதுதான் வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு பேரும் தள்ளினோம்.
ஒட்டுகிற டயர் தள்ளவும் விடவில்லை.
கிடங்கு வாசலுக்கு வருவதற்குள்
டெல்பர்ட் மூன்று தரம் உட்கார்ந்தான்.
மார்லிஸுக்கு போன் போட்டேன்.
"பிடிக்கிறதா?" என்றாள்.
"பிடிக்கிறது."
கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம்.
பிறகு ஷாஃப்ட் செய்கிறவன் நம்பரைப் படித்தாள்.
என் பில்லின் பின்பக்கத்தில்
அன்றைக்கே எழுதிவைத்திருந்தாளாம்.