மொட்டைமாடியில் டானிக்

எங்கள் வீட்டில் டானிக் என்றால் சிவப்பு.
மூடியால் அளந்து, மூக்கைப் பிடித்து,
பிறகு ஒரு வாய் சர்க்கரை.

ஆழ்வார்பேட்டை ஓட்டலின் மொட்டைமாடியில்
அலங்காரப் பனைத்தொட்டிகளின் அடித்தட்டில்
டார்ச் அடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
தலைகீழாய்த் தொங்கினால் டெங்கு,
தண்ணீரோடு தண்ணீராய்ப் படுத்திருந்தால் மலேரியா.
படுத்திருந்தன, பதினேழு.

அபராதம் எழுதுவதற்குள் குவளையை நீட்டினான்
பார் கவுண்டர் கெல்வின், பெரம்பூர்ப் பையன்.
"சரக்கில்ல மேடம், வெறும் டானிக் வாட்டர்."
சித்திரை மத்தியானம்.
வாங்கிவிட்டேன்.

முதலில் சோடா.
அப்புறம் இனிப்பு.
அதற்கப்புறம், கதவைத் தட்டாமல்,
அடிநாக்கில் ஏறி உட்கார்ந்தாள்
எனக்குத் தெரிந்த ஒருத்தி.

பன்னிரண்டு வயதில், புளியந்தோப்பில்,
மூன்று கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தபோது
வாழைப்பழத்தில் ஒளித்துக் கொடுத்தார்களே,
பழத்தைத் தின்று மாத்திரையைத் துப்பினேனே,
அவளுக்குச் சொந்தக்காரி.

"மரப்பட்டை மேடம் இது."
கடலுக்கு அந்தப்பக்கம் ஏதோ மலைக்காட்டு மரமாம்.
குளிர்ஜுரத்துக்குப் பயந்து
தினம் விழுங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள்
கசப்பு தாங்காமல் சர்க்கரை போட்டார்களாம், சோடா ஊற்றினார்களாம்,
ஜின் தானாக வந்து சேர்ந்ததாம்.
ஜுரம் போயும் பழக்கம் போகவில்லை.
நீலகிரியிலும் அந்த மரத்தை நட்டார்கள் என்றேன்,
பயிற்சி வகுப்பில் கேட்டது.
அவன் நம்பவில்லை.

"இப்ப இதுல மருந்து எவ்வளவு?"
"சும்மா பேருக்கு. ஒரு கொசுவுக்குக்கூடக் காணாது."

போன ஐப்பசியில் தெருமுனையில் நின்று
நிலவேம்புக் கஷாயம் ஊற்றினேன், இலவசம்.
நான் முதுகைத் திருப்பியதும்
பாதிப் பேர் கால்வாயில் கொட்டினார்கள்.
இங்கே இருநூற்று இருபது, வரி தனி.
கசப்புக்கு ஐஸ் போட வேண்டும் போலிருக்கிறது.
குடி குடி என்று சொல்லாமலிருக்க வேண்டும்.

கவுண்டருக்கடியில் இருட்டில் குவளையை வைத்து
ஊதா விளக்கைப் போட்டுக் காட்டினான்.
சிம்மில் வைத்த கேஸ் அடுப்பு மாதிரி
நீலமாய் நின்றது தண்ணீர்.
ஒன்றும் பேசத் தோன்றவில்லை எனக்கு.

பிறகு தட்டுகளைக் கவிழ்த்தேன்.
ரசீதைக் கிழித்தேன், ஐந்நூறு.
வாங்கிப் பார்த்து முகம் சுளித்தான்:
"இதுக்கும் கொஞ்சம் சர்க்கரை போடக் கூடாதா மேடம்?"

மந்தைவெளி தாண்டியும் பஸ்ஸில்
நாக்கைச் சப்பிக்கொண்டே வந்தேன்.