ஸ்ஃபாகியா, நான்காம் இரவு

எங்கள் கிணற்றுக் கயிறு அறுந்து மூன்று நாள்.
பூட்ஸ் நாடாக்களை முடிந்து முடிந்து
தகர டப்பாவை இறக்கினார்கள்.
அது தண்ணீரைத் தொட்டதும்
வரிசை முழுக்க எச்சில் விழுங்கிற்று.

பகலெல்லாம் குகை, ஆட்டு வாடை.
விமானம் போய்விட்டால் என் கொழுந்தன் மனூசோஸ்
மேலிருந்து இருமுவான்.
அதுதான் அவர்களுக்குச் சங்கு.

இரவில் கப்பல் வரும், விளக்கில்லாமல்.
நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம்தான் அடையாளம்.
மூன்று மணிக்குள் கிளம்பியாக வேண்டும்.
விடிந்தால் கடலே காட்டிக்கொடுக்கும்.

நான்காம் இரவு
தோளைத் தட்டித் தட்டி எண்ணிவந்த கை
ஹெனாரேயின் முன்னால் நின்றுவிட்டது.
அவன் முண்டவில்லை.
கூழாங்கற்களின் மேல் உட்கார்ந்து
நாடா இல்லாத பூட்ஸைக் கழற்றி
உள்ளிருந்த கல்லைத் தட்டினான்,
இனி எங்கோ நடக்கப்போகிறவன் போல.

காலையில் சைகையால் கேட்டார்கள்:
வெள்ளைத் துணி.
வீட்டில் வெள்ளை என்றால்
என் மகனின் ஞானஸ்நானச் சட்டைதான்.
பையன் அல்பேனிய மலையிலிருந்து திரும்பவில்லை.
தரமாட்டேன் என்றேன்.
பாலாடைக்கட்டி வடிக்கும் துணியைக் கொடுத்தேன்,
துவைக்காமல்.
சரணடையும்போது மோர் நாறியிருக்கும்.

கயிறு வாங்க இன்னும் காசில்லை.
அந்த நாடாக்களில்தான் இறைக்கிறேன்.
முடிச்சுகள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.
எது அவனுடையது என்று தெரியவில்லை.