பத்து வரை

பாலக்கோடு வட்டார வள மையத்தில்
செவ்வாய்க்கிழமை தோறும் ஜெசிந்தா மேடம்.
பச்சை மேஜை, கால் ஆடும் நாற்காலி,
மூலையில் காற்றுப்போன பந்து.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
ஒன்றில் வயது: நாலு வருடம் இரண்டு மாதம்.
மற்றதில் பேச்சு வயது,
பென்சிலால், ஒன்றரை.
ஒரே கவுனுக்குள் இரண்டு பிள்ளைகள்
உட்கார்ந்திருப்பதுபோல்
நிகிதாவைப் பார்த்தேன்.

அட்டைகளைப் பரப்பினார்.
கப்பல் எங்கே, காட்டு.
நிகிதா கப்பலை எடுத்து நக்கினாள்.
"இவ கப்பலப் பாத்ததில்ல மேடம்,
ஒகேனக்கல்லுல பரிசல் பாத்திருக்கா,
பரிசல் கேட்டா காட்டுவா."
சாவி?
"வண்டிச் சாவி கண்ணு, அப்பா டெம்போல..."
குடை?
"மழைக்குப் புடிப்போமே..."
மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.
"சார், இப்ப யாருக்குப் பரீட்சை?"

பிறகு அட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு
என்னையே கேட்டார்.
தாகம் எடுத்தால் என்ன செய்வாள்?
லுங்கியைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப்போவாள்.
எழுதினார்.
பிடிக்காத சோற்றை?
அம்மா வாயில் திருப்பி ஊட்டுவாள்.
அதையும் எழுதினார்.
நாய் குரைத்தால்?
என் முகத்தைப் பார்ப்பாள்,
நான் பயப்படுகிறேனா என்று.
அதற்கு அடிக்கோடு போட்டார்.
கேட்பவர்களுக்கெல்லாம் "ஒண்ணும் வரல" என்று
நாலு வருடமாகச் சொல்லிவந்தேன்.
அரைப் பக்கம் நிறைந்திருந்தது.

வீட்டுக்கு எழுதிக்கொடுத்த மருந்து இது:
தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கிக் கொடுங்கள்.
உங்களிடம் திரும்பி வருவாள்.
"தெறக்கணுமா?" ஒரே தடவை கேளுங்கள்.
அப்புறம் வாயை மூடிக்கொண்டு
மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.

எண்ணுவது என் தொழில்.
தக்காளி மண்டியில் விடியற்காலை
நானூறு கிரேடு ஏற்றி இறக்குவேன்,
ஒன்று பிசகாது.
இந்தப் பத்து மட்டும்
ஐந்தில் உடைந்துவிடும்.
அவள் கண் தளும்பும், மூடி என் கையில் இருக்கும்.
கோகிலவாணி ஏசுவாள்:
"தாகத்துக்கு வர்ற புள்ளைக்கு
மூடிய முறுக்கிக் குடுக்குறியே,
நீயெல்லாம் அப்பனா?"
ஏழு வரை போன அன்று
கோகிலவாணியே பிடுங்கித் திறந்தாள்.

ஐப்பசியில் விலை விழுந்தது.
கிரேடு எண்பது ரூபாய்க்குக் கேட்க ஆளில்லை.
ஏற்றிப்போன லோடோடு திரும்பும் வழியில்
ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
வீட்டில் ஆளில்லாமல் கூட்டிவந்த நிகிதா
பக்கத்து சீட்டில், மடியில் பாட்டில்.
டீசல் கணக்கு மண்டைக்குள் ஓடியது.
நான் கேட்கவும் இல்லை, எண்ணவும் இல்லை.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
தொடையில் பாட்டிலால் ஒரு தட்டு.
"தெ."
திரும்பினேன்.
"தெ."
திறந்த வேகத்தில் பாதித் தண்ணீர் ஸ்டியரிங்கில்.
கேட் தூக்கியும் வண்டி நகரவில்லை.
பின்னால் பஸ்காரன் அடித்த ஹாரன்
மண்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த செவ்வாய் முதல் ஆளாய்ப் போய்ச் சொன்னேன்.
மேடம் கைதட்டினார்.
ஆனாலும் பென்சிலால்தான் எழுதினார்.
"பாட்டிலுக்கு மட்டுமா, வேற எதுக்காவது சொல்றாளா?
மூணு இடத்துல வரட்டும் சார்,
பேனாவுல எழுதறேன்."
கொஞ்சம் கோபம்கூட வந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை, டெம்போ கதவுக்கு ஒன்று.
இன்னும் ஒன்று பாக்கி.

ராத்திரி லோடு இறக்கிவிட்டு
விடிந்தபின் படுத்திருக்கிறேன்.
கண்மேல் ஈரமான சின்ன விரல்.
தக்காளிக் காம்பு கிள்ளுவதுபோல
இமையைப் பிடித்து மேலே தூக்குகிறது.
இறுக்கி மூடிக்கொள்கிறேன்.
நாலு.
ஐந்து.
அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.
ஆறு.
ஏழு.