நாளை வாருங்கள்

எல்விரா குகுலின் கடை வாசலில்
துருவேறிய தகரப் பலகை:
இன்று கடனில்லை, நாளை வாருங்கள்.

திகால் போகும் சாலை. டிசம்பர் இருபது.
நாளையே கிடையாது என்று நம்பி
விமானமேறி வந்தவர்கள்
அதனடியில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.
பதின்மூன்றாம் பக்தூன் தீர்கிறதாம்,
கல்லிலேயே வெட்டியிருக்கிறதாம்.

தீரட்டும்.
அவள் புருஷனின் லாரியில்
ஒன்பதுகள் எல்லாம் ஒருசேரப் புரண்டு
முட்டை முட்டையாய் நின்ற அன்றும்
ஃப்ளோரெஸ் சந்தைக்கு
வெங்காயம் போய்ச் சேரத்தான் செய்தது.

ஒரு தாடிக்காரன்
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான்,
இனி எதற்கு என்று.
சோளமாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தாள்.

இருபத்தொன்று வந்தது. மழை தூறியது.
குரங்குகள் கத்தின, வழக்கம்போல.

இருபத்திரண்டு காலை
நனைந்த கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு
காப்பிக்கு வரிசை.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
தாடிக்காரன் மெல்லக் கேட்டான்:
மணி என்ன?

கடிகாரத்தில் ஒட்டிய மாவை
முந்தானைத் துணியில் துடைத்தாள்.
ஏழே கால். பஸ் எட்டுக்கு.
காப்பிக்கு ஐந்து கெட்சால்.

பையைத் துழாவினான். சில்லறை இல்லை.
தலை தூக்கிப்
பலகையைப் படித்தான்,
முதல் தடவையாக,
சிரிக்காமல்.